பத்துப் பேருக்கு ஒரு கதவு

காஞ்சிரங்குளத்து வாடகை வீடுகளில் குளியலறை வாசலில் காத்திருப்போரைப் பற்றிய சிறப்புக் கட்டுரை

விடியற்காலை ஐந்து மணிக்குக் காஞ்சிரங்குளம் சந்திப்பிலிருந்து கடற்புறம் நோக்கி இறங்கும் சாலையோரத்து வாடகை வீடொன்றின் பின்புறத்தில், தோளில் துண்டும் கையில் வாளியுமாக ஆறேழு ஆடவர் சுவரோரமாக ஒருவர் பின் ஒருவராய் நின்றுகொண்டிருக்க, அவர்களுக்கு எதிரே, பூச்சுக் காணாத செங்கற் சுவரும் துருவேறிய தகரக் கதவும் உடைய ஒரு சிற்றறைக்குள்ளே தண்ணீர் விழும் ஓசை கேட்கிறது. முன்னால் நிற்பவர் கதவைத் தட்டி மலையாளத்தில் அவசரப்படுத்துகிறார். உள்ளிருந்து வங்காள மொழியில் பதில் வருகிறது. வரிசையின் கடைசியில் நிற்கும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பி கட்டும் வேலைக்கு வந்த நம்மவர் தமிழில் மணி கேட்கிறார். ஆறரைக்குள் சந்திப்புக்குப் போய்ச் சேராவிட்டால் ஆள் ஏற்றும் வண்டி புறப்பட்டுவிடும். வண்டி புறப்பட்டுவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆகவே அவர் வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டு, முற்றத்துக் குழாயில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, நேற்றைய சிமெண்டுத் தூசி முற்றும் நீங்காத உடம்பின் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு நடக்கிறார். அதே வீட்டின் பக்க அறையில் கணவனோடும் குழந்தைகளோடும் குடியிருக்கும் பெண்ணை இந்த வரிசையில் காண முடியாது. அவள் நாலரை மணி இருட்டிலேயே எழுந்து தன் காரியங்களை முடித்துக்கொண்டாள். இனி இந்த ஆடவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய் வீடு அடங்கும் வரையில் அவளுக்கு அந்தக் கதவு இல்லை.

இது ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய காட்சியன்று. காஞ்சிரங்குளம், கருங்குளம், கோட்டுக்கால், திருப்புறம், பூவாறு முதலிய ஊர்களிலும், கிழக்கே பாறசாலை, காரோடு எல்லை வரையிலும், தலைக்கு இவ்வளவு என்று பேசி வாடகைக்கு விடப்படும் வீடுகள் எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் இதே விடியலைக் காணலாம்.

துறைமுகமும் சாலையும் கொண்டுவந்த ஜனங்கள்

காஞ்சிரங்குளத்தை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகாவுக்கு வெளியூரார் புதியவர்கள் அல்லர். 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் சேர்ந்தன என்றாலும், எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டி வேலைக்கும் வியாபாரத்துக்கும் படிப்புக்கும் வந்துபோகும் வழக்கம் அந்த எல்லைக்கோட்டினால் நின்றுவிடவில்லை. 2015 டிசம்பரில் விழிஞ்ஞம் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியதும், கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரையிலான புறவழிச்சாலை இப்பக்கம் நீண்டதும், வங்காளம், அஸ்ஸாம், ஒரிஸ்ஸா, பிகார் ஆகிய தூரதேசங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து தங்க நேர்ந்தது. துறைமுகம் 2025 மே 2ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கேரளத்தில் பிற மாநிலத் தொழிலாளர் சுமார் 25 லட்சம் பேர் என்று குலாட்டி நிதி, வரி ஆய்வு நிறுவனம் 2013இலேயே கணித்திருந்தது. அவர்களை ‘அதிதி தொழிலாளிகள்’, அதாவது விருந்தினத் தொழிலாளர், என்று அழைக்கும் பண்பு கேரள அரசாங்கத்துக்கு உண்டு. அந்தப் பண்பைப் பாராட்டத்தான் வேண்டும். காஞ்சிரங்குளம் கே. என். எம். அரசுக் கலை, அறிவியல் கல்லூரியில் படிக்க வரும் பிள்ளைகளையும், கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை பார்க்கும் பெண்களையும் இவர்களோடு சேர்த்துக்கொண்டால், வாடகை அறை தேடுவோரின் சமூகம் எவ்வளவு பலதரப்பட்டது என்பது விளங்கும்.

தலைக்கு வாடகை, வீட்டுக்கு ஒரு குளிமுறி

நாலைந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட வீட்டில் ஒரு கக்கூசும் குளிமுறி எனப்படும் ஒரு குளியலறையும் இருப்பது போதுமானதே. குடும்பம் வேறிடம் போனபின், வீட்டுக்காரர் அதே வீட்டை அறை அறையாகப் பிரித்து, ஓர் அறைக்கு மூவர் நால்வர் என்று குடியமர்த்தும்போது, படுக்கை கூடுகிறது, அடுப்பு கூடுகிறது, மாத வருமானம் தலைக்குத் தலை கூடுகிறது; கூடாமல் நிற்பது கொல்லைப்புறத்துக் கதவு ஒன்றுதான். வாடகையைத் தலை எண்ணி வாங்குகிறவர் கழிப்பறையை மட்டும் வீட்டை எண்ணிக் கொடுப்பது நியாயமாகுமா என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் கேள்வி. இந்த அவஸ்தை முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டிலிருந்தே பிறக்கிறது என்பது எமது திடமான அபிப்பிராயம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பன்னிரண்டு பேர் ஒருவருக்குப் பத்து நிமிஷமாக ஒரே அறையைப் பயன்படுத்தினால் இரண்டு மணி நேரம் ஆகிறது. ஆறரைக்கு வண்டி பிடிக்க வேண்டுமானால் முதலாமவர் நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும். ஒருவருக்கு 40 லிட்டர் என்று சுருக்கமாக வைத்தாலும் 480 லிட்டர் ஜலம் செலவாகிறது. மாடிமேல் இருப்பது 500 லிட்டர் டாங்கானால், மற்றக் காரியங்களுக்கெல்லாம் மிஞ்சுவது வெறும் 20 லிட்டர்தான். கழிப்பறையைச் சுத்தமாக அலசுவதற்கு மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு சொல்லியிருப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த அறை ஏன் எப்போதும் நாற்றமடிக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. குடியிருப்போரின் அசுத்தப் பழக்கமே காரணம் என்று அயலார் கூறுவது அநியாயம்; தண்ணீர் இல்லாத இடத்தில் எந்தப் பழக்கமும் நிலைப்பதில்லை.

பெட்டிச் செய்தி: எத்தனை பேருக்கு ஒன்று?

• மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1980இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள்: தனியாக வந்த தொழிலாளர் பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறையும் ஒரு குளியலறையும், குடும்பத்தோடு வந்தவர்களானால் மூன்று குடியிருப்புக்கு ஒன்று. படுக்கும் இடம் தலைக்கு 6.5 சதுர மீட்டருக்குக் குறையலாகாது.
• தேசியக் கட்டட விதித்தொகுப்பு, விடுதிகளுக்கு: ஆடவர் எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்கள் ஆறு பேருக்கு ஒன்று.
• தூய்மை பாரத இயக்கம், நகரங்களின் சமுதாயக் கழிப்பறைகளுக்கு: ஆடவர் 35 பேருக்கு ஓர் இருக்கை, பெண்கள் 25 பேருக்கு ஓர் இருக்கை.

சட்டம் நிற்கும் இடம்

பத்துப் பேருக்கு ஒன்று என்ற 1980ஆம் ஆண்டு விதி நல்ல விதி. ஆனால் அதன் பொறுப்பு ஆளை அழைத்துவந்த கண்டிராக்டரின் தலையில் வைக்கப்பட்டதேயன்றி, வீட்டை வாடகைக்கு விடுகிறவரை அது தொடவில்லை. கண்டிராக்டர் இல்லாமல் தன் ஊர்க்காரன் ஒருவனது கைப்பேசிச் சொல்லை நம்பி ரயிலேறி நெய்யாற்றின்கரையிலோ பாறசாலையிலோ இறங்கி, தானே அறை தேடிக்கொள்ளும் தொழிலாளிக்கு அந்த விதியின் நிழல் எட்டுவதில்லை. மாணவனுக்கும் கடைப்பெண்ணுக்கும் அது எந்நாளும் எட்டியதில்லை. அந்தச் சட்டத்தையே 2020இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு தன்னுள் அடக்கிக்கொண்டது.

1965ஆம் ஆண்டுக் கேரளக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: குடியிருப்போர் அனுபவித்துவரும் வசதிகளை வீட்டுக்காரர் நியாயமான காரணமின்றித் துண்டிக்கலாகாது. தண்ணீரை நிறுத்தினால், கழிப்பறையைப் பூட்டினால், முறையிட இடமுண்டு. ஆனால் ஆரம்பத்திலிருந்தே இல்லாத ஒன்றை எவ்வாறு துண்டிக்க முடியும்? ஒன்றிருந்த இடத்தில் இரண்டு வேண்டும் என்று கேட்பதற்கு அச்சட்டத்தில் வழியில்லை. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல், புரோக்கர் முன்னிலையில் அட்வான்ஸ் பணம் மட்டும் கைமாறும் குடித்தனங்களில், இருக்கிற உரிமையைக் கேட்பதும் துர்லபம்.

பெண்கள் அடக்கிக்கொள்ளும் பொழுது

ஆடவர் வரிசையில் நிற்பது உடம்புக்கு அசௌகரியம். பெண்களுக்கு நேர்வதோ அதனினும் ஆழமான துன்பம். அந்நிய ஆடவர் நிற்கும் வரிசையைக் கடந்து, கையில் வாளியோடு, கொண்டி சரியாக விழாத கதவுக்குள் நுழைய எந்தப் பெண்ணுக்கும் சங்கோசம் இருக்கும். ஆகையால் அவள் விடியுமுன் ஒரு முறையும் இருட்டியபின் ஒரு முறையும் என்று தன் தேகத்துக்கு ஒரு கால அட்டவணை வகுத்துக்கொள்கிறாள். அந்த அட்டவணையைக் காப்பாற்றுவதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள். நீர் குறைவாகக் குடிப்பதும் சிறுநீரை நெடுநேரம் அடக்குவதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிகோலும் என்பதை எந்த வைத்தியரும் சொல்வார். கர்ப்பிணியாயிருந்தால் அந்தத் தொற்று இரண்டு உயிர்களைப் பற்றிய விஷயமாகிவிடுகிறது. மாதவிடாய் நாட்களில் துணியை அலசவும், நாப்கினைப் போடவும் இடமில்லாமல், காகிதத்தில் சுற்றி அறைக்குள்ளேயே வைத்திருந்து இரவில் எறியப் போகும் பெண்களின் மனவேதனையை வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் ஒரு கணமேனும் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

குழந்தைகளும் முதியவர்களும் காத்திருக்க இயலாதவர்கள். பேதி கண்ட குழந்தைக்கு வரிசை தெரியாது. சர்க்கரை வியாதியுள்ள ஒருவர் இரவில் மூன்று நான்கு முறை எழுந்து, மழையில், முற்றத்தைத் தாண்டிப் போய்வர வேண்டிய வீட்டில் அவருக்கு உறக்கமே இல்லை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் கொல்லைப்புறத்துக் கழிப்பறைக்குப் போகும் பாதையே ஓடையாகிவிடும் வீடுகள் உண்டு.

குளத்தங்கரையும் கிணற்றடியும்

வீட்டில் இடமில்லாதபோது ஊர்ப்புறத்துக் குளம் இரண்டாவது குளிமுறியாகிறது. குளத்தில் ஸ்நானம் செய்வது இந்த நாட்டுக்குப் புதியதன்று. ஒரு காலத்தில் அது ஆரோக்கியமான பழக்கமாகவும் இருந்தது. ஆனால் 2024 ஜூலையில், காஞ்சிரங்குளத்துக்கு அருகிலுள்ள அதியன்னூர்ப் பகுதியில், குளத்தில் குளித்த இளைஞர் ஒருவர் அமீபா மூளைக்காய்ச்சலால் உயிரிழந்தார். தொடர்ந்து அதே பகுதியினர் சிலருக்கு அந்நோய் கண்டு, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை அளிக்கப்பட்டது. தேங்கிய நீரில் வாழும் அமீபா மூக்கின் வழியாக உட்புகுந்து மூளையைத் தாக்குவதே இந்நோய். குடிப்பதனால் அது வருவதில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுமில்லை. அசுத்தமான குளங்களில் இறங்க வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரிக்கை விடுத்தார்கள். எச்சரிக்கை நியாயமானதே, ஆனால் குளத்துக்குப் போகாதே என்று ஒருவனைத் தடுக்கும்போது, அவன் குளிப்பதற்குரிய வேறிடத்தைக் காட்டுவதும் தடுப்பவரின் கடமையாகும்.

கிணற்றின் கதை வேறு. திருவனந்தபுரம் மாநகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்க முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளும் நிலையம் இருக்கிறது. காஞ்சிரங்குளம் போன்ற கிராமங்களிலோ ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் குழிதான். குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள் கழிவுக்குழி அமையலாகாது என்று கேரளக் கட்டட விதிகள் கூறுகின்றன. ஐந்து பேருக்கென்று வெட்டிய குழியில் பதினைந்து பேரின் கழிவு இறங்கும்போது, அது சீக்கிரம் நிரம்புகிறது, மழைக்காலத்தில் பொங்குகிறது, செம்புரை மண்ணின் துவாரங்கள் வழியாகக் கிணற்றை நோக்கிக் கசிகிறது. அந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர்களில் குடியிருப்போர் மட்டுமின்றி அண்டை வீட்டாரும் உண்டு. நெருக்கமான வாடகை வீடு வாடகைக்காரரின் பிரச்னை மட்டுமே என்று எண்ணும் ஊரார் இதை யோசிக்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: உலகக் கணக்கில்

உலகச் சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃபும் சேர்ந்து வைத்துவரும் கணக்கில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் கழிப்பறை, எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும், ‘அடிப்படை வசதி’ என்ற தகுதியைப் பெறுவதில்லை. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி வீட்டு வளாகத்துக்குள் கழிப்பறை இருந்த குடும்பங்கள் இந்தியாவில் 46.9 சதவீதம், தமிழ்நாட்டில் 48.3, கேரளத்தில் 95.2. மாநிலம் உதயமாகி 60 ஆண்டு நிறைந்த 2016 நவம்பர் 1ஆம் தேதி, திறந்தவெளிக் கழிப்பிடம் இல்லாத மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது.

புல்லுவிளை அறிந்த உண்மை

2020 ஜூலை 17ஆம் தேதி, பூந்துறையிலும் புல்லுவிளையிலும் கொரோனா சமூகப் பரவலாகிவிட்டது என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். புல்லுவிளை காஞ்சிரங்குளத்துக்கு அடுத்த கடற்கரை. வீட்டிலேயே தனித்திருக்க விரும்புவோருக்கு அப்போது விதிக்கப்பட்ட முக்கிய நிபந்தனை, கழிப்பறையோடு சேர்ந்த தனி அறை இருக்க வேண்டும் என்பது. இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே கழிப்பறையை நம்பியிருந்த வீடுகளில் அந்த நிபந்தனையை யார் நிறைவேற்ற முடியும்? பம்பாய்த் தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய்க் குடியேறிய நம்மவர் பலர் வாழும் சந்துகளிலும், அதே ஆண்டில் நோய்த்தடுப்பின் பெரும் பகுதி பொதுக் கழிப்பறைகளை அடிக்கடி கழுவுவதிலேயே கழிந்தது. தனிமை என்பது வசதி படைத்தோரின் ஆடம்பரமன்று, ஆரோக்கியத்தின் அஸ்திவாரம் என்பதை அந்த ஆண்டு எல்லார் வீட்டு வாசலிலும் வந்து நிரூபித்தது.

கடலரிப்பில் வீடிழந்து, திருவனந்தபுரத்து வலியதுறையின் சிமெண்டுக் கிடங்கில் துணித் தடுப்புகளுக்கிடையே ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த மீனவக் குடும்பங்களையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. விரல் விட்டு எண்ணத்தக்க கழிப்பறைகளை அத்தனை குடும்பங்களும் பகிர்ந்துகொண்டன. 2022இல் அவர்களுக்கு மாத வாடகைப் பணமாக 5,500 ரூபாய் தருவதாக அரசாங்கம் முன்வந்தது. அந்தத் தொகைக்குக் கிடைக்கக்கூடிய வீட்டில் எத்தனை பேருக்கு ஒரு கதவு என்பதையும் அன்றே கேட்டிருக்க வேண்டும்.

முன்னோர் பட்ட பாடு

இத்துயரம் நம்மவருக்குப் பழக்கமானதே. சென்னைத் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக்குடித்தனம் செய்த ஒரு தலைமுறை முழுவதும், நடுமுற்றத்துக் குழாயடியிலும் கொல்லைக் கடைசியிலும் காத்து நின்றே விடிந்தெழுந்தது. பம்பாயில் 1920களில் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட பி.டி.டி. சால்கள் என்னும் தொகுப்புக் குடியிருப்புகளில் 160 சதுர அடி அறையில் குடும்பம் நடத்தியவர்கள், மாடிக்குப் பொதுவான கழிப்பறைகளையே நூறாண்டுக் காலம் நம்பியிருந்தார்கள். இப்போதுதான் அவை இடிக்கப்பட்டுத் தனித்தனிக் கழிப்பறையுள்ள வீடுகள் எழும்புகின்றன.

இவை எல்லாவற்றையும் விட நெருங்கிய நினைவு ஒன்று இவ்வூருக்கு உண்டு. வளைகுடா நாடுகளின் தொழிலாளர் முகாம்களில், ஓர் அறையில் பலராகப் படுத்து, விடியுமுன் பொதுக் குளியலறை வாசலில் வரிசை நின்று, சம்பாதித்து அனுப்பிய பணத்தில் எழும்பிய வீடுகள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவெங்கும் நிறைந்திருக்கின்றன. அந்த வரிசையில் நின்றவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே இன்று வீட்டுக்காரர்கள். அந்நிய தேசத்தில் ஒரு வாளித் தண்ணீருக்காக நின்ற வேளையில் தங்கள் மனம் என்ன பாடுபட்டது என்பதை அவர்களுக்கு வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவேதான் அவர்களிடம் கேட்பதற்கு எமக்குத் தைரியம் உண்டாகிறது.

உடன் இருப்போருக்குள்

ஒரு கதவைப் பலர் பங்கிடும் வீட்டில் சச்சரவு எழுவது பெரும்பாலும் சிறிய காரணங்களால்: சோப்பை எடுத்தவர் யார், வாளியை நிரப்பி வைக்காமல் போனவர் யார், ஃபினைல் வாங்க இந்த மாதம் பணம் போடாதவர் யார். இவற்றைச் சிறியவை என்று நாம் ஒதுக்கலாம்; தினமும் அவற்றின் நடுவே வாழ்பவர்களுக்கு அவை சிறியவை அல்ல. இரவு வேலை முடித்து வருபவர் காலை வரிசையிலிருந்து விலகிக்கொள்வது, முறை வைத்துக் கழுவுவது, முதலில் வேலைக்குப் போகிறவருக்கு முதலிடம் கொடுப்பது, பெண்களுக்கென்று காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி அந்நேரத்தில் ஆடவர் எவரும் பின்கட்டுக்குப் போவதில்லை என்று உறுதிகொள்வது, ஆகிய ஏற்பாடுகளைத் தாங்களே பேசி வகுத்துக்கொண்ட வீடுகளில் அமைதி நிலவுகிறது. ஒன்று மட்டும் எச்சரித்துச் சொல்ல வேண்டும்: கழுவும் முறை எப்படியோ வயதில் இளையவன்மீதும், பாஷை தெரியாத புதியவன்மீதும், சாதியில் தாழ்ந்தவன் என்று கருதப்படுகிறவன்மீதும் நிரந்தரமாக விழுந்துவிடுகிறது. எல்லாரும் பயன்படுத்துவதை எல்லாரும் கழுவ வேண்டும். இதில் விதிவிலக்குக்கு இடமே இல்லை.

ஆயினும் ஒற்றுமை எவ்வளவு இருந்தாலும் பதினைந்து பேருக்கு ஒரு கதவு போதாது. குடியிருப்போரின் சகிப்புத்தன்மையைப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்காரரும் பஞ்சாயத்தும் ஒதுங்கிக்கொள்வது தகாது.

செய்யக்கூடியது

செய்ய முடியும் என்பதற்குக் கேரளத்திலேயே உதாரணம் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் 2019இல் திறக்கப்பட்ட ‘அப்னா கர்’ விடுதியில், 620 தொழிலாளருக்கு 96 கழிப்பறை, குளியலறைகள் அமைக்கப்பட்டன; ஏறக்குறைய ஆறேழு பேருக்கு ஒன்று. இத்தகைய விடுதி ஒன்று விழிஞ்ஞத்துக்கும் காரோட்டுக்கும் இடையே எழுந்தால் பல நூறு பேரின் விடியற்காலம் மாறிவிடும். அது எழும் வரையில் காத்திராமல், அதியன்னூர் வட்டாரத்துப் பஞ்சாயத்துகள், தலைக்கு வாடகை வாங்கும் வீடுகளைப் பதிவு செய்து, அவற்றில் தங்கக்கூடியோரின் தொகையைக் கழிப்பறைகளின் எண்ணிக்கையைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும். புதிய அளவுகோல் தேட வேண்டியதில்லை; 1980ஆம் ஆண்டின் பத்துக்கு ஒன்று என்பதையே எல்லா வாடகை வீடுகளுக்கும் பொதுவாக்கினால் போதும்; பெண்கள் தங்கும் வீடுகளுக்கு ஆறுக்கு ஒன்று. கூடுதல் கழிப்பறை கட்டும் வீட்டுக்காரருக்கு வீட்டு வரியில் சலுகை கொடுப்பதும் உசிதம்.

கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கிராமசபை கூட வேண்டும். அச்சபையில் வாக்குரிமை உள்ளவர்களே பேசுகிறார்கள். வெளியூர்த் தொழிலாளியின் பெயர் அவ்வூர் வாக்காளர் பட்டியலில் இல்லை. ஆகவே காஞ்சிரங்குளத்து வாசகர்களே, அடுத்த கிராமசபைக்குப் போகும்போது, உங்கள் வார்டில் தலைக்கு வாடகை வாங்கும் வீடுகள் எத்தனை, அவற்றில் கழிப்பறைகள் எத்தனை, குழிக்கும் கிணற்றுக்கும் இடையே தூரம் எத்தனை என்று அவர்களுக்காக நீங்கள் எழுந்து கேளுங்கள். கிடைக்கும் பதிலை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.